புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி மொழியா? கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் போனால் பெயர்ப் பலகைகள் மாறத் தொடங்கும். நம் பக்கம் ‘ஊராட்சி ஒன்றியம்’ என்று இருப்பது அங்கே ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்று இருக்கும். ‘கொம்யூன்’ பிரெஞ்சுச் சொல். உள்ளாட்சிப் பகுதி என்று பொருள். கடற்கரைப் பக்கம் நடந்தால் நீல நிறப் பலகையில் தெருப் பெயரைத் தமிழிலும் பிரெஞ்சிலும் பார்க்கலாம்.

ஜிப்மருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள், அங்கே பெண் கொடுத்தவர்கள், வேலை தேடிப் போகும் பிள்ளைகள் என்று நம் ஊர்க்காரர்கள் பலருக்குப் புதுச்சேரியோடு தொடர்பு உண்டு. அவர்களுக்கெல்லாம் ஒரு சந்தேகம் இருக்கும்: “அங்கே பிரெஞ்சுதானே சர்க்கார் பாஷை? நம் தமிழ் மனு செல்லுமா?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் மனு செல்லும், பிரெஞ்சு தெரியாமல் எந்த வேலையும் நிற்காது. ஆனால் பழைய பத்திரம், குடியுரிமை, சொத்துரிமை என்று சில இடங்களில் பிரெஞ்சு இன்னும் உங்கள் வாசலுக்கு வரலாம். அந்த இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் பணமும் அலைச்சலும் மிச்சம்.

ஆட்சி மொழி என்றால் என்ன?

அரசு தன் வேலையை நடத்த வேண்டிய மொழி. சட்டம், ஆணை, அறிவிப்பு, கோப்பு, நீங்கள் கொடுக்கும் மனுவுக்கு வரும் பதில் எல்லாம் அந்த மொழியில் இருக்க வேண்டும். இது மொழிக்குக் கொடுக்கும் பட்டம் அல்ல, அலுவலகத்தின் தலையில் சுமத்தும் கடமை.

ஒரு மொழி ஒரு நாட்டில் ஆட்சி மொழியா என்று கேட்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டுதான். மனுவை எந்த மொழியில் வாங்குவார்கள்? பதிலை எந்த மொழியில் தருவார்கள்? இந்த இரண்டையும் இந்தக் கட்டுரை முழுக்கக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேசிய மொழி என்பது வேறா?

வேறு. மக்களின் அடையாளமாக ஒரு நாடு அறிவித்துக்கொள்ளும் மொழி தேசிய மொழி. சிங்கப்பூரின் தேசிய மொழி மலாய். ஆனால் ஆட்சி மொழிகள் நான்கு: மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம்.

இந்திய அரசியல் சட்டம் எந்த மொழியையும் தேசிய மொழி என்று சொல்லவில்லை. ஒன்றிய அரசின் அலுவல் மொழியாக இந்தியைச் சொல்கிறது, ஆங்கிலமும் தொடர்கிறது. மாநிலங்கள் தங்கள் மொழியைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். அப்படித்தான் தமிழ்நாடு 1956-இல் ஆட்சி மொழிச் சட்டம் இயற்றித் தமிழை ஆட்சி மொழியாக்கியது.

பிரெஞ்சு நம் பக்கம் எப்படி வந்தது?

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1674-இல் புதுச்சேரியில் கால் ஊன்றியது. பிறகு காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்துச் சந்திரநாகூர் ஆகியவையும் அதன் கைக்குப் போயின. 18-ஆம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் நம் தியாகதுருகம் கோட்டைக்காகவும் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மோதின.

படை நம் ஊர் வரை வந்தது, மொழி வரவில்லை. நம் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னாற்காடு மாவட்டமாக இருந்தது. அதனால் நம் வீட்டுப் பழைய பத்திரங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. புதுச்சேரிச் சம்பந்தி வீட்டுப் பெட்டியில் பிரெஞ்சுப் பத்திரம் இருப்பது அங்கே பிரெஞ்சு ஆட்சி இருந்ததால்தான்.

பிரெஞ்சு ஆட்சியிலும் ஊர் பேசியது தமிழ்தான். கவர்னர் தூப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்த்துச் சொல்லும் தரகராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார். கோட்டைக்குள் பிரெஞ்சு, தெருவில் தமிழ், நடுவில் துபாஷி என்பதுதான் அன்றைய நிலை.

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு அவர்கள் மொழி என்ன ஆயிற்று?

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரான்சின் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தின் 28-ஆவது பிரிவுதான் நம் கேள்விக்கு வேர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காத வரை பிரெஞ்சே இந்தப் பகுதிகளின் ஆட்சி மொழியாக இருந்துவரும் என்று அது சொல்கிறது.

பிரதிநிதிகள் வேறு முடிவு எடுத்தார்களா?

எடுத்தார்கள். 1965-இல் புதுச்சேரி சட்டமன்றம் ஆட்சி மொழிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி தமிழ் ஆட்சி மொழி. மாஹே பகுதியில் மலையாளத்தையும் ஏனாம் பகுதியில் தெலுங்கையும் பயன்படுத்தலாம். ஆங்கிலமும் தொடரலாம்.

அப்படியானால் பிரெஞ்சு ஆட்சி மொழியா, இல்லையா?

இதில் இரண்டு விதமாக வாதிடுகிறவர்கள் உண்டு. தமிழைக் கொண்டுவந்ததே அந்த ‘வேறு முடிவு’ என்பது ஒரு தரப்பு. ஒப்பந்தத்து வாசகம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்பது மறு தரப்பு. புதுச்சேரியின் மொழிகளைப் பட்டியல் போடும்போது சிலர் பிரெஞ்சைச் சேர்ப்பதும் சிலர் விடுவதும் இதனால்தான்.

நாம் கையில் வைத்திருக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் குழப்பம் இல்லை. அங்கே மனு வாங்குவதும் பதில் வருவதும் தமிழிலும் ஆங்கிலத்திலும்தான். பிரெஞ்சு காகிதத்தில் மதிப்போடு இருக்கிறது, கவுண்டரில் வேலை செய்வது தமிழ்.

புதுச்சேரி அலுவலகத்தில் நான் தமிழில் எழுதிக் கொடுத்தால் மறுக்க முடியுமா?

முடியாது. அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2005) இன்னும் தெளிவு. ஆங்கிலம், இந்தி, அல்லது மனு கொடுக்கும் பகுதியின் ஆட்சி மொழி, இவற்றில் எதில் வேண்டுமானாலும் கேட்கலாம். கள்ளக்குறிச்சியிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ கேட்கும்போது அந்த மொழி தமிழ். ரயில்வே, தபால் போன்ற ஒன்றிய அரசு அலுவலகத்திடம் கேட்டாலும் இதே விதிதான். ஆட்சி மொழி என்ற அந்தஸ்து உங்கள் கைக்கு நேரடியாக வரும் இடம் இது.

வீட்டில் பழைய பிரெஞ்சுப் பத்திரம் இருக்கிறது. அது செல்லுமா?

பிரெஞ்சில் இருப்பதாலேயே ஒரு பத்திரம் செல்லாமல் போகாது. எழுதிய காலத்தில் அங்கே அதுதான் சட்டப்படியான மொழி. ஆனால் இன்றைய அலுவலகமோ நீதிமன்றமோ அதைப் படித்தாக வேண்டுமே. அதனால் நம்பத்தக்க மொழிபெயர்ப்பு வேண்டும்.

முதலில் அது என்ன பத்திரம் என்று பாருங்கள். தலைப்பில் ‘ஆக்த் து நெசான்ஸ்’ என்று இருந்தால் பிறப்புப் பதிவு. ‘ஆக்த் து மரியாழ்’ திருமணப் பதிவு. ‘ஆக்த் து தெசே’ இறப்புப் பதிவு. வீடு, நிலம் பற்றியது என்றால் ‘நொத்தேர்’ எழுதியதாக இருக்கலாம். நொத்தேர் என்பவர் பத்திரம் எழுதி, மூலத்தைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, நமக்குப் பிரதி தரும் அதிகாரி. நம் ஊரில் சான்றொப்பம் போடும் நோட்டரி வக்கீலோடு அவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்களிடம் இருப்பது பிரதி என்றால், அது கிழிந்துவிட்டதே என்று உடனே மனம் தளர வேண்டாம். புதுச்சேரி பதிவுத் துறையில் விசாரியுங்கள். பிறப்பு, இறப்பு, திருமணம் என்றால் அந்தந்த நகராட்சியில் அல்லது கொம்யூன் பஞ்சாயத்தில் கேளுங்கள். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை ஒன்றும் புதுச்சேரியில் இருக்கிறது.

பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்த பையனிடம் கொடுத்து மொழிபெயர்த்தால் போதாதா?

போதாது. ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். அந்தக் காலப் பதிவுகளில் ஆண்டை எண்ணில் எழுதாமல் எழுத்தில்தான் எழுதுவார்கள். 1892 என்பதை ‘மில் உய்ட் சான் காத்ர் வேன் தூஸ்’ என்று எழுதியிருப்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஆயிரம், எட்டு நூறு, நான்கு இருபது, பன்னிரண்டு’. நான்கு இருபது எண்பது, அதோடு பன்னிரண்டு சேர்த்தால் தொண்ணூற்றிரண்டு. பாதி தெரிந்தவர் ‘நான்கு’, ‘இருபது’ என்று தனித்தனியாகப் படித்தால் ஆண்டே மாறிவிடும். வாரிசு வழக்கில் ஆண்டு மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள். பிரெஞ்சு அரசிடம் காட்ட வேண்டிய காகிதம் என்றால், புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் யாருடைய மொழிபெயர்ப்பை ஏற்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மூலத்தை எவர் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் போதும். பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

பத்திரத்தில் பெயர் வேறு மாதிரி எழுதியிருக்கிறதே?

பிரெஞ்சு முறையில் நம் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது ‘உ’ ஒலிக்கு இரண்டு எழுத்து போடுவார்கள். சொல்லின் கடைசியில் ஒலிக்காத ஓர் எழுத்தும் சேரும். ஆங்கிலப் பழக்கத்தில் அதைப் படித்தால் ‘முருகன்’ என்ற பெயர் ‘மொவ்ரொவ்கனே’ போலத் தெரியும். ஆள் ஒருவர்தான், எழுத்து முறைதான் இரண்டு.

ஆனால் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் ஆங்கில முறை, பழைய பதிவில் பிரெஞ்சு முறை என்றிருந்தால் அலுவலகம் கேள்வி கேட்கும். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் (அபிடவிட்) தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், பாஸ்போர்ட், பாகப்பிரிவினை எது வந்தாலும் இது முதலில் தேவைப்படும்.

“தாத்தா பிரெஞ்சுக் குடிமகன், உங்களுக்கும் குடியுரிமை வாங்கித் தருகிறேன்” என்கிறாரே ஒருவர்?

இங்கே நிதானமாகக் கேளுங்கள். பலர் பணம் இழக்கக்கூடிய இடம் இது.

1956 ஒப்பந்தம், புதுச்சேரிப் பகுதிகளில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர்களை இந்தியர் ஆக்கியது. வேண்டுமானால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம், அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. புதுச்சேரியில் பிறந்து, அப்போது நம் தென்னாற்காடு போன்ற இந்தியப் பகுதியில் குடியிருந்தவர்களுக்கும் இந்த வாய்ப்பு இருந்தது. தவணை 1962 ஆகஸ்ட் 16-இலிருந்து ஆறு மாதம். அது 1963 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது.

அங்கே பிறந்து, அப்போது சைகோன் போன்ற வேறு நாட்டு ஊர்களில் குடியிருந்தவர்களுக்கு விதி தலைகீழ். அவர்கள் எதுவும் தெரிவிக்காவிட்டாலும் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்ந்தார்கள். புதுச்சேரியில் ‘சொல்தா’ (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) என்று அழைக்கப்படும் முதியவர்களின் குடும்பங்களில் பிரெஞ்சு ஓய்வூதியமும் பிரெஞ்சுத் தேர்தலில் வாக்கும் இன்றும் இருப்பதைப் பார்க்கலாம்.

ஆக, உங்களுக்கு உரிமை உண்டா என்பது உங்கள் முன்னோர் அன்று எங்கே குடியிருந்தார், என்ன எழுதிக் கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. அவருடைய பதிவு இருக்க வேண்டும், அவரிடமிருந்து உங்கள் வரை ஒவ்வொரு தலைமுறையின் பிறப்பும் திருமணமும் காகிதத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் நடந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பிறப்பு, திருமணப் பதிவுகளைப் பிரான்சில் நான்த் நகரத்து மைய அலுவலகம் வைத்திருக்கிறது. பிரெஞ்சு பேசத் தெரிவதோ, புதுச்சேரியில் வீடு இருப்பதோ இதற்குச் சான்று ஆகாது. முன்பணம் கேட்கும் தரகரிடம் போகாமல் துணைத் தூதரகத்தில் நேராகக் கேளுங்கள்.

புதுச்சேரியில் பெண் கொடுக்கிறோம். சட்டம் ஏதும் மாறுமா?

சில குடும்பங்களில் மாறும். 1881-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர விரும்புகிறவர்கள் வரலாம் என்றது. அப்படி வந்தவர்களை ‘ரெனோன்சான்’ (துறந்தவர்) என்பார்கள். பலர் பிரெஞ்சுக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த வழி வந்தவர்களின் திருமணம், சொத்து, வாரிசு விஷயங்களில் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் இன்றும் பேசப்படுகிறது. சம்பந்தம் பேசும்போது இதைக் கேட்பதில் தவறில்லை. அந்தக் குடும்பத்தில் சொத்து எந்தச் சட்டப்படி பிரிகிறது என்று புதுச்சேரி வக்கீல் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உலகில் எத்தனை நாடுகளில் பிரெஞ்சு ஆட்சி மொழி?

எண்ணும் விதத்தைப் பொறுத்து 25 முதல் 30 வரை. பேசுகிறவர்கள் சுமார் 32 கோடி என்று பிரெஞ்சு பேசும் நாடுகளின் கூட்டமைப்பு 2022-இல் கணக்குச் சொன்னது. இதில் பெரும் பங்கு ஆப்பிரிக்கா.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பிரான்சில் பிரெஞ்சு ஒன்றே குடியரசின் மொழி. அப்படி ஒரு வரியை 1992-இல்தான் அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். கனடாவில் 1969 முதல் ஆங்கிலமும் பிரெஞ்சும் சமம். சுவிட்சர்லாந்தில் நான்கில் ஒன்று, பெல்ஜியத்தில் மூன்றில் ஒன்று. காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஆட்சி மொழி பிரெஞ்சு, அதோடு லிங்காலா, ஸ்வாஹிலி உள்ளிட்ட நான்கு தேசிய மொழிகள்.

உங்கள் கைக்கே வந்த பிரெஞ்சும் ஒன்று உண்டு. வெளிநாட்டுத் தபாலில் ஒட்டும் நீலச் சீட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது ‘பார் அவியோன்’, அதாவது ‘விமானம் வழியாக’. உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஆட்சி மொழி பிரெஞ்சு. அதனால்தான் பிரெஞ்சே தெரியாத ஊர்த் தபாலிலும் அந்தச் சொல் பயணம் செய்கிறது.

கொடுத்த அந்தஸ்தை ஒரு நாடு திரும்ப எடுக்கலாமா?

எடுக்கலாம். மாலி நாடு 2023-இல் புதிய அரசியல் சட்டம் கொண்டுவந்து தன் மண்ணின் மொழிகளை ஆட்சி மொழிகளாக்கி, பிரெஞ்சைப் பணி மொழி (அலுவலக வசதிக்கான மொழி) என்ற இடத்துக்கு இறக்கியது. புர்கினா பாசோவும் நைஜரும் அதே வழியில் போயின. 2025 மார்ச்சில் மூன்று நாடுகளும் பிரெஞ்சு பேசும் நாடுகளின் கூட்டமைப்பிலிருந்தும் விலகின. அந்தக் கூட்டமைப்பு 1970-இல் பிறந்ததே நைஜரின் தலைநகர் நியாமேயில்தான்.

ஆனால் அங்கே கோப்புகளும் பாடப்புத்தகங்களும் ஒரே நாளில் மாறிவிடாது. சட்டத்தில் ஒரு வரியை மாற்ற ஒரு கூட்டம் போதும். எழுத, படிக்க, கணக்கு வைக்க ஆட்களைப் பழக்க ஒரு தலைமுறை ஆகும்.

அந்தஸ்து இல்லாமலே ஒரு மொழி நடக்குமா?

நடக்கும். அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா நாடுகளில் பிரெஞ்சு ஆட்சி மொழி இல்லை. ஆனால் வியாபாரத்திலும் மேற்படிப்பிலும் அதைச் சாதாரணமாகக் கேட்கலாம். மொரீஷியஸ் நாடாளுமன்றத்தின் மொழி ஆங்கிலம், உறுப்பினர்கள் பிரெஞ்சிலும் பேசலாம். அதே நாட்டின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-இல் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி நோட்டு அச்சிட்டபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள்.

புதுச்சேரியில் காகிதத்தில் பிரெஞ்சு இருக்கிறது, நடைமுறையில் இல்லை. அல்ஜீரியாவில் நடைமுறையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் இரண்டையும் தனித்தனியாக விசாரியுங்கள்.

பிள்ளை வெளிநாடு போகிறான். பிரெஞ்சு தேவையா?

கனடா என்றால் எந்த மாகாணம் என்று பாருங்கள். டொராண்டோ பக்கம் வாழ்க்கை ஆங்கிலத்தில் ஓடும். கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு ஒன்றே ஆட்சி மொழி. அங்கே 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியேறுகிறவர்களின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர வேண்டும். கனடாக் குடியேற்றத் தேர்வில் பிரெஞ்சுத் தேர்ச்சிக்கென்று 2023 முதல் தனிப் பிரிவும் இருக்கிறது.

பிரான்சில் சில படிப்புகளை ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். ஆனால் குடியிருப்பு அட்டை, வீட்டு வாடகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் பிரெஞ்சுப் படிவங்கள். ஆப்பிரிக்க நாட்டு வேலை என்று ஏஜென்ட் சொன்னால், ஒப்பந்தம் எந்த மொழியில் என்று கேளுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

பள்ளியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கூடும் என்கிறார்களே?

தமிழ் கற்றல் சட்டம் (2006) வந்த பிறகு 10-ஆம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். பிளஸ் டூவிலும் கல்லூரியிலும் சிலர் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுக்கிறார்கள். ஆசையோடு கற்றால் மிக நல்லது. மார்க்குக்காக மட்டும் என்றால் ஒன்றை யோசியுங்கள். தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் குறைந்தது 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அரசு வேலை குறிக்கோள் என்றால் தமிழை விடாதீர்கள்.

கல்வராயன் மலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரான தொடர்பு உண்டு. மலையில் வாழும் பழங்குடியினருக்கு ‘மலையாளி’ என்று பெயர். வெளியூர் அதிகாரிகள் சிலர் கேரள மொழி பேசுகிறவர்கள் என்று நினைத்துவிடுவார்கள். அவர்கள் பேசுவது தமிழ். மாஹேயில் மலையாளத்தைப் பயன்படுத்தலாம் என்றேனே, அதற்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக இறங்கி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகம் வரும் ஒருவருக்கு அவருடைய மொழியே ஆட்சி மொழி. சாதிச் சான்று, பட்டா, சாலை வசதி எது பற்றியும் அவர் தன் பேச்சிலேயே எழுதிக் கொடுக்கலாம். தாய்மொழியை வீட்டில் மட்டும் பேசாமல் அலுவலகத்திலும் பேச முடிவது காங்கோவிலும் மாலியிலும் கோடிக்கணக்கானவர்களுக்கு நேற்று வரை கிடைக்காத வசதி.

ஆனால் அந்த வசதி கேட்டால்தான் கிடைக்கும். மனுவைத் தமிழில் எழுதுங்கள். எழுத வராது என்றால் சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, பிறகு கைநாட்டோ கையெழுத்தோ போடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தால், தமிழில் தரும்படி இன்னொரு மனு எழுதுங்கள்.

சம்பந்தி வீட்டுப் பெட்டியில் பிரெஞ்சுக் காகிதம் இருந்தால் அதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியவில்லை என்று எந்தப் பழைய காகிதத்தையும் எரித்துவிட வேண்டாம்.